இடது பேடில் மட்டும் போதும்

கேள்வி: 12 ஏப்ரல் 2025, காலை 9.40

ஆறு கியர் ஆட்டோமேட்டிக் எடுத்து அரை வருடம் ஓடிவிட்டது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பிளஸ், மைனஸ் என்று இரண்டு காது முளைத்திருக்கிறது. கியரைக் கையால் ஏற்றி இறக்குகிற ‘பேடில்’ என்கிறார்கள். இதுவரை தொட்டதே இல்லை. கியர் போடுகிற தொல்லை வேண்டாம் என்றுதானே கூடக் காசு கொடுத்து ஆட்டோமேட்டிக் வாங்கினோம்? அப்புறம் எதற்குக் கையால் மாற்ற வேண்டும்? என்னைக் கேட்டால் இது ஷோரூமில் சொல்லி விற்பதற்கான ஐட்டம், அவ்வளவுதான். இங்கே யாராவது நிஜமாகவே பயன்படுத்துகிறீர்களா?

பதில்: 12 ஏப்ரல், மதியம் 1.15

பயன்படுத்துகிறேன். இடது பக்கத்து மைனஸை மட்டும். வலது பக்கத்து பிளஸ், வண்டி எடுத்த அன்று இருந்த மினுமினுப்போடு அப்படியே இருக்கிறது.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் என்றால் நீங்கள் சொல்வது சரி, தொட வேண்டியதே இல்லை. மலை இறங்கும்போதுதான் அதற்கு வேலை. வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு இறங்குங்கள், 40 கொண்டை ஊசி வளைவு. டியிலேயே, அதாவது தானே கியர் மாற்றுகிற ‘டிரைவ்’ நிலையிலேயே, விட்டு இறங்கினால் கியர்பாக்ஸ் என்ன கணக்குப் போடும்? ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, வேகம் மட்டும் ஏறுகிறது, என்ஜினுக்குச் சுமை இல்லை, சரி, மேல் கியருக்குப் போவோம் என்று போய்விடும். நாலு, ஐந்து என்று ஏறியபின் என்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்காது. மொத்தப் பாரமும் பிரேக் தலையில் விழும்.

மைனஸை இரண்டு தட்டு தட்டி மூன்றிலோ இரண்டிலோ நிறுத்திவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மேனுவல் வண்டியில் நாம் யோசிக்காமல் செய்கிற அதே வேலைதான்.

12 ஏப்ரல், மாலை 6.50

"பிரேக் எதற்கு இருக்கிறது, பிடிக்கத்தானே" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பிடிக்கத்தான். எவ்வளவு நேரம் என்பதுதான் விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளியே வந்தாக வேண்டிய ஆற்றல் சுமார் 1.47 கோடி ஜூல். அதில் கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். மீதி முழுவதையும் பிரேக்கே தின்றால் அது அத்தனையும் சூடு. ஐந்தரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கப் போதுமான சூடு. அதை நாலு சக்கரத்தில் உள்ள டிஸ்க்கும் டிரம்மும் தாங்க வேண்டும். அதிலும் பெரும்பங்கு முன்சக்கரம் இரண்டுக்கும்.

சூடு ஏற ஏற இரண்டு விஷயம் நடக்கும். பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே உராய்வு குறையும், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். இது முதல் கட்டம். அடுத்தது பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், டாட் 4 என்றால் 230. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற சரக்கு. ஈரம் ஏறிய டாட் 3க்கு 140 டிகிரி, டாட் 4க்கு 155 என்றுதான் தர அளவே வைத்திருக்கிறார்கள். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அழுத்தினால் அமுங்கும், பிரேக்குக்குப் பலம் போய்ச் சேராது. பெடல் தரை வரை போகும்.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் இங்கே பாதிப் பேர் முழிப்பீர்கள். என்ஜின் ஆயில் மட்டும் தவறாமல் மாற்றுவோம்.

13 ஏப்ரல், காலை 7.20

நேற்றைய கணக்கைப் பார்த்துவிட்டு ஒருவர் "பிசிக்ஸ் வாத்தியாரா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. துணி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

கணக்கைவிட மூக்கு சீக்கிரம் சொல்லிவிடும். அதே வால்பாறை ரோட்டில் ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட் இருக்கிறதே, கீழே ஆழியார் அணை முழுசாகத் தெரிகிற இடம், அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்று பாருங்கள். இறங்கி வருகிற வண்டிகளில் சிலது நிற்கும்போதே கருகல் வாடை வரும். ஒருதடவை வெள்ளை வண்டி ஒன்றின் முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகையே வந்துகொண்டிருந்தது. அந்த ஆள் குடிக்கிற தண்ணி பாட்டிலைத் திறந்து டிஸ்க் மேல் ஊற்றப் போனார். பக்கத்தில் நின்ற வேன் டிரைவர் ஓடி வந்து கையைப் பிடித்தார். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணி ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசல்கூட விடலாம். சும்மா நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியர் பார்க்கில், சக்கரத்துக்குக் கல் வைத்து ஆறவிட்டால் போதும். அதைத்தான் அந்த டிரைவரும் சொன்னார்.

எட்டிப் பார்த்தேன். ஆட்டோமேட்டிக். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் இருந்தது.

13 ஏப்ரல், இரவு 10.05

"தட்டினேன், மூன்று என்று காட்டியது, கொஞ்ச நேரத்தில் அதுவே டிக்குப் போய்விட்டது. பேடில் ரிப்பேரா?" என்ற கேள்விக்கு.

ரிப்பேர் இல்லை. டியில் இருக்கும்போது பேடிலைத் தட்டினால் பல வண்டிகளில் அது தற்காலிக ஏற்பாடுதான். கொஞ்ச நேரம் நீங்கள் தொடவில்லை, ஆக்சிலரேட்டரைச் சீராக மிதிக்கிறீர்கள் என்றால் "இவருக்கு வேலை முடிந்தது" என்று எடுத்துக்கொண்டு பழையபடி தானே மாற்ற ஆரம்பித்துவிடும். ஓவர்டேக்குக்கு இது வசதி. நீண்ட இறக்கத்துக்கு உதவாது. இறக்கம் தொடங்கும் முன்பே கியர் ராடை எம்முக்கோ (மேனுவல்) எஸ்ஸுக்கோ (ஸ்போர்ட்) தள்ளிவிட்டு, அப்புறம் பேடிலில் கியரைத் தேர்ந்தெடுங்கள். அப்படியே நிற்கும். பழையபடி டி வேண்டும் என்றால் ராடைத் திருப்புங்கள். சில வண்டிகளில் பிளஸ்ஸை இரண்டு விநாடி இழுத்துப் பிடித்தாலே டிக்குப் போய்விடும். எந்த வண்டிக்கு எது என்று கையேட்டில் ஒரு பக்கத்தில் போட்டிருப்பார்கள். டாஷ்போர்டு டிராயரில் பிளாஸ்டிக் கவரோடு கிடக்குமே, அதுதான்.

14 ஏப்ரல், மாலை 4.30

புத்தாண்டு விருந்துக்கு மாமனார் வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சு. அவர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், நீலகிரிப் பக்கம் நிறைய ஓட்டியவர். வேப்பம்பூ பச்சடியைக் கிண்டிக்கொண்டே சொன்னார்: "எந்தக் கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு மாப்ள. இதுக்கு எதுக்கு ஒரு ஆராய்ச்சி?"

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது செங்குத்தான இடங்களில் வண்டி தானாகவே இரண்டில்தான் ஏறும். இறங்கும்போது அதே இடத்தில் அதே இரண்டு. மலைப்பாதைகளில் "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று பலகை வைத்திருப்பது மேனுவல் வண்டிக்கு மட்டும் இல்லை.

நான் அவரிடம் கேட்டது இன்னொன்று. என்ஜின் நாலாயிரம் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று) கத்தும்போது பின்சீட்டில் இருக்கும் வீட்டார் பயப்படுகிறார்களே, என்ன செய்வது? "கத்தினா உசிரோட இருக்குன்னு அர்த்தம்" என்றார். மாமியார் அவரை முறைத்தார்.

பெட்ரோல் என்ஜினுக்கு நாலாயிரம் ஒரு பொருட்டே இல்லை, தாண்டக் கூடாத எல்லையான சிவப்புக் கோடு ஆறாயிரத்துக்கு மேல்தான் இருக்கும். டீசலுக்குக் கோடு கீழே, அதனால் அங்கே மூவாயிரம் சுற்றி வைத்துக்கொண்டால் காதுக்கும் நல்லது.

14 ஏப்ரல், இரவு 9.10

"ஆர்பிஎம் ஏறினால் பெட்ரோல் கொட்டும், அதைவிட நியூட்ரலில் உருட்டினால் மிச்சம்." இப்படி எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறேன்: தயவுசெய்து செய்யாதீர்கள்.

மிச்சமும் இல்லை. கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய என்ஜின்கள் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. உடனடி மைலேஜ் காட்டுகிற திரை இருந்தால் பாருங்கள், உச்சத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். நியூட்ரலில் என்ஜின் அணையாமல் இருக்க அதற்குப் பெட்ரோல் வேண்டும், மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகும். ஆக நியூட்ரலில்தான் செலவு. கூடவே என்ஜின் பிடிமானமும் போய், 12ஆம் தேதி சொன்ன சூடு முழுவதும் பிரேக்குக்கு.

17 ஏப்ரல், காலை 8.00

வலது பேடில் சும்மா கிடக்கிறது என்று நான் எழுதியதை வைத்து ஒருவர் "அப்போ ஓவர்டேக்?" என்று மடக்கியிருக்கிறார்.

ஓவர்டேக்குக்கும் வேண்டியது இடதுதான். வத்தலக்குண்டு ரோட்டில் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். எதிரே எப்போது காலியாகும் என்று காத்திருக்கிறோம், வண்டி ஐந்தாவது கியரில் ஊர்கிறது. வழி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தால் கியர்பாக்ஸ் யோசித்து, இரண்டு கியர் இறக்கி, அப்புறம்தான் இழுக்கும். அந்த ஒரு நொடித் தயக்கம் எதிர்ப்பக்கம் லேனில் இருக்கும்போது ரொம்ப நீளம். வெளியே எடுப்பதற்கு முன்பே, டிராக்டருக்குப் பின்னால் இருக்கும்போதே, மைனஸை இரண்டு தட்டித் தயாராக வைத்துக்கொண்டால், வழி கிடைத்தவுடன் மிதித்தால் போதும், இழுத்துவிடும். வழி கிடைக்கவில்லையா, ஒன்றும் நஷ்டமில்லை. கொஞ்ச நேரத்தில் தானே டிக்குத் திரும்பிவிடும்.

ஏறும்போதும் ஒரு பயன் உண்டு. சில சாய்வில் கியர்பாக்ஸ் முடிவெடுக்க முடியாமல் இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு என்று அல்லாடும். பின்சீட்டில் வாந்தி வருகிற குழந்தை இருந்தால் இது ரொம்பப் படுத்தும். இரண்டில் பிடித்து வைத்தால் ஓட்டம் சீராகிவிடும்.

பிளஸ்ஸுக்கு யாராவது ஒரு நல்ல காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

17 ஏப்ரல், இரவு 11.20

"ரேஸ்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன், அங்கேதான் இது பிறந்தது. 1989இல் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா ஒன் காரில் ஜான் பர்னார்ட் இதை வைத்தார். ஏழு கியர், கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கவே வேண்டாம். சோதனை ஓட்டங்களில் கியர்பாக்ஸ் கோளாறு செய்துகொண்டே இருந்ததால், அந்த வருட முதல் பந்தயமான பிரேசிலில் வண்டி பாதியிலேயே நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நைஜல் மான்செல் ஜெயித்தார். வேடிக்கை என்னவென்றால் பந்தயத்தின் நடுவே ஸ்டீயரிங்கே ஆட்டம் கண்டு, பிட்டில் நிறுத்தி, பேடிலோடு சேர்த்து வேறு ஸ்டீயரிங் மாட்டிக்கொண்டு போனார்.

சாலை வண்டிக்கு அது வந்தது 1997இல், ஃபெராரி எஃப்355இல். நம் ஊரில் சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலையில் முதலில் பரவலாகப் பார்த்தது 2008இல் வந்த ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்கில் என்று நினைவு. இப்போது பிரெஸ்ஸா, எர்டிகா வரைக்கும் வந்துவிட்டது. எர்டிகாவில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மான்செல் மாதிரி பிளஸ் தட்டுகிறவர் யாராவது இருந்தால் கை தூக்கவும்.

20 ஏப்ரல், காலை 6.45

முதல் குறிப்பில் "டியிலேயே விட்டால் மேல் கியருக்கு ஏறிவிடும்" என்று எழுதியிருந்தேன். எல்லா வண்டிக்கும் அது அப்படியே பொருந்தாது. சில கியர்பாக்ஸ்கள் இறக்கத்தை உணரும். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கிறது, வேகம் ஏறுகிறது, டிரைவர் பிரேக்கைத் தொடுகிறார் என்றால் தானே ஒரு கியர் இறக்கிப் பிடிக்கும். ஹோண்டா இதை கிரேடு லாஜிக் என்று ரொம்ப நாளாகவே வைத்திருக்கிறது. மச்சான் வண்டியில் பார்த்திருக்கிறேன், பிரேக்கை லேசாகத் தொட்டால் "உம்" என்று என்ஜின் சத்தம் ஏறும்.

ஆனால் அது நடந்ததை வைத்து முடிவெடுக்கிறது. அடுத்த வளைவுக்கு அப்பால் இறக்கம் கூடுகிறதா, எதிரே பஸ் வருகிறதா என்பது அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதனால் நல்ல கியர்பாக்ஸ் இருந்தாலும் மலையில் நான் கையால்தான் வைத்துக்கொள்கிறேன்.

20 ஏப்ரல், காலை 7.10

மறந்துவிட்டேன். வேகம் ரொம்ப ஏறிய பிறகு மைனஸைத் தட்டினால் இறங்காது. என்ஜின் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும் என்று கம்ப்யூட்டர் மறுத்துவிடும், பல வண்டிகளில் ஒரு பீப் சத்தம் மட்டும் வரும். "பேடில் வேலை செய்யவில்லை" என்று பதறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். முதலில் பிரேக்கை நன்றாக, உறுதியாக ஒரு பிடி பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் கியர் இறக்குங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இறக்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பிரேக்கையும் சும்மா தடவிக்கொண்டே வர வேண்டாம். ஒரு அழுத்து, விடு. அடுத்த அழுத்து வரைக்கும் காற்று பட்டு ஆறட்டும்.

24 ஏப்ரல், இரவு 8.40

"கொண்டை ஊசியில் ஸ்டீயரிங் தலைகீழாகும்போது எந்தக் காது எது?" இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

நம் ஊர் வண்டிகளில் பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும். கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 வளைவுகளில், அரைச் சுற்று திருப்பியதும் மைனஸ் வலது பக்கம் வந்துவிடும், விரல் தேடும், நேரத்துக்குக் கிடைக்காது. தப்பான பக்கத்தைத் தட்டி கியரை ஏற்றிவிடவும் வாய்ப்பு உண்டு. ஃபெராரி போன்ற சிலவற்றில் பேடிலை ஸ்டீயரிங் தண்டில் பொருத்தியிருப்பார்கள், சக்கரம் சுற்றினாலும் அது அசையாது. அதுவும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

நமக்கு இதில் ஒரே வழி, வளைவுக்குள் நுழையும் முன், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே கியரை முடித்துக்கொள்வது. வளைவுக்குள் கை திருப்ப மட்டும். மழை பெய்து ரோடு வழவழப்பாக இருந்தால் இது இன்னும் முக்கியம். வளைவின் நடுவில் சட்டென்று கியர் இறங்கினால் முன்சக்கரம் வழுக்கும்.

இன்னொரு விஷயம். கியரை வைத்து வேகம் குறைக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் மெதுவாகிறீர்கள் என்று தெரியாது. பெடலை லேசாகத் தொட்டு விளக்கை மட்டும் எரிய விடுங்கள்.

27 ஏப்ரல், மதியம் 2.00

வேறு வேறு கியர்பாக்ஸ் பற்றித் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். ஒன்றாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் இதுவரை சொன்னது டார்க் கன்வெர்ட்டர், அதாவது நிஜமான கியர்கள் கொண்ட வழக்கமான ஆட்டோமேட்டிக்கை வைத்து. சிவிடியில் நிஜமான கியரே இல்லை, ஒரு பெல்ட்டும் இரண்டு புல்லியும்தான். பேடிலைத் தட்டினால் ஏழு படி இருப்பதுபோல ஒரு பாவனை காட்டும். பாவனைதான் என்றாலும் இறக்கத்தில் பிடிக்கும், விகிதம் உண்மையிலேயே மாறுகிறது. இரண்டு கிளட்ச் வைத்த டிசிடியில் மாற்றம் கண் இமைப்பதற்குள் நடக்கும், அடுத்த கியரை முன்பே கோத்து வைத்திருக்கும். அங்கே கவலை வேறு. ஏற்றத்தில் டிராஃபிக்கில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், உலர் கிளட்ச் (ஆயிலில் முங்காதது) என்றால் சூடாகும். ஏஎம்டி அடிப்படையில் மேனுவல்தான், கிளட்சை மட்டும் கம்ப்யூட்டர் மிதிக்கிறது. இரண்டில் போட்டால் மேனுவல் மாதிரியே பிடிக்கும். பெரும்பாலான ஏஎம்டியில் பேடில் கிடையாது. கியர் ராடிலேயே பிளஸ், மைனஸ் இருக்கும், அது போதும்.

எலக்ட்ரிக் வண்டியில் பேடில் கியருக்கு இல்லை. மோட்டார் எவ்வளவு பிடித்து இழுக்க வேண்டும் என்ற அளவை மாற்ற. 2023இல் வந்த நெக்ஸான் ஈவியில் பூஜ்யம் முதல் மூன்று வரை வைக்கலாம். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. 12ஆம் தேதி போட்ட கணக்கில் வந்த ஆற்றல் நாலு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நாம் அதைச் சூடாக ஊதித் தள்ளுகிறோம், அவர்கள் ஒரு நல்ல பங்கை பேட்டரிக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: ஊட்டியில் ராத்திரி முழுக்க நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்ப ஏற்ற இடமிருக்காது, அந்தப் பிடிமானம் கணிசமாகக் குறைந்துவிடும்.

4 மே, காலை 9.30

கொடைக்கானல் போய் வந்தோம். இ-பாஸ் எடுத்துத்தான். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம் ஆனதே, இன்னும் சிலர் சோதனைச் சாவடியில் நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு முதுகுவலி என்பதால் இறங்கும்போது ஆக்டிங் டிரைவர் போட்டிருந்தோம். நல்ல ஓட்டம், பொறுமைசாலி, ஆனால் டியில் வைத்து பிரேக்கிலேயே இறக்கினார். இரண்டு வளைவு பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "சார், ஆட்டோமேட்டிக்ல கையால மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும் சார். பிரேக் பேடு ரெண்டாயிரம், கியர்பாக்ஸ் ரெண்டு லட்சம்" என்றார். இதே வாதத்தை இங்கேயும் ஒருவர் எழுதியிருக்கிறார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கியர் இறங்கிய நிலையில் வண்டி உருளுவதால் கியர்பாக்ஸ் தேய்வதில்லை. ஏறும்போது அது சுமக்கிற பாரத்தைவிட இது குறைவுதான். மாற்றம் நடக்கும் அந்தக் கணத்தில்தான் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் உரசும். அதனால் தட்டிக்கொண்டே விளையாடினால் தேய்வு கூடும் என்பது உண்மை. இறக்கத்துக்கு ஒரு கியரைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருந்தால், டியில் தானே ஏறி இறங்குவதைவிட மாற்றம் குறைவுதான். தப்பான கட்டளை கொடுத்தாலும் கம்ப்யூட்டர் ஏற்காது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பிரேக் பேடுக்கு இரண்டாயிரம் சரி, பெருமாள்மலைக்குக் கீழே பள்ளத்துக்கு என்ன ரேட்?

இதை அவரிடம் இப்படி எல்லாம் சொல்லவில்லை. "மூணுல போடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன். போட்டார். நாலைந்து வளைவு போனதும் காலை பிரேக்கிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, "இது நல்லாருக்கே சார்" என்றார். வத்தலக்குண்டு வருவதற்குள் அந்தப் பேடில் எந்தெந்த வண்டியில் வருகிறது என்று என்னிடம் கேட்டு முடித்திருந்தார்.

4 மே, மாலை 5.15

கல்லட்டி பற்றி: ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அந்த வழியாக இறங்கலாமா என்று கேட்டவருக்கு. 36 வளைவு, சாய்வு மோசம், வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. ஏற மட்டும்தான். டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டி என்றால் வேறு கதை. பேடில் இருக்கிறது என்று சொல்லிப் பேசிப் பார்க்க வேண்டாம், கூடலூர் சுற்றிப் போங்கள்.

10 மே, இரவு 9.50

முதலில் கேள்வி கேட்டவர் ஏற்காடு போய் வந்து எழுதியிருக்கிறார். எம்மில் போட்டு இரண்டில் இறங்கினாராம். "சத்தம்தான் ஜாஸ்தி, ஆனால் பிரேக்கில் பாதி வேலைகூட இல்லை" என்கிறார். சேலம் இறக்கத்தில் 20 வளைவு, இரண்டு சரியான தேர்வு. நேரான இடங்களில் மூன்றுக்குப் போகலாம். அங்கே பிளஸ்ஸை ஒரு தட்டு தட்ட வேண்டி வரும், சரி, அந்த அளவுக்கு வலது காதுக்கும் வேலை கொடுக்கலாம்.

அவர் கேட்டிருக்கும் அடுத்த சந்தேகம்: வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட நின்றபோது திரையில் எம்1 என்று மாறிவிட்டது, நான் தொடவே இல்லை. அது அப்படித்தான். நின்றால் தானே முதல் கியருக்கு வந்துவிடும், மேனுவல் மோடில் இருந்தாலும். கிளம்பி வேகம் எடுத்ததும் நீங்களே இரண்டுக்கு ஏற்ற வேண்டும். ஏற்ற மறந்தால் என்ஜின் கத்தும், பல வண்டிகளில் கோட்டைத் தொட்டதும் தானே ஏற்றிவிடும்.

ஏறி வரும் வண்டிக்கு நின்று வழிவிட்டீர்கள் பாருங்கள், அதற்குத் தனியாக ஒரு சபாஷ். ஒடுக்கமான மலைப்பாதையில் இறங்குகிறவர்தான் நிற்க வேண்டும் என்பது விதி. ஹாரன் அடித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

11 மே, காலை 7.35

"பேடிலுக்காக மேல் வேரியன்ட் எடுக்கலாமா?" வேண்டாம். ராடில் மேனுவல் மோடோ, எஸ், எல் (லோ, கீழ் கியர்) என்று ஒரு நிலையோ இருந்தால் மலை இறங்க அதுவே போதும். பேடில் இருந்தால் கை ஸ்டீயரிங்கை விட்டு நகர வேண்டாம் என்ற வசதி மட்டும்தான் கூடுதல். அந்தக் காசுக்கு ஆறு ஏர்பேக் வருகிறதா, நல்ல டயர் வருகிறதா என்று பாருங்கள். டயர் பற்றிய கேள்விகளுக்கு வேறு இழை ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே வேண்டாம்.

அம்மாவின் பழைய சிவிடியில் எல் மட்டும்தான் இருக்கிறது என்றவருக்கு: செங்குத்தான இடத்தில் எல், சாய்வு தணிந்ததும் டி. வேகம் குறைந்த பிறகே எல்லுக்கு இழுக்கச் சொல்லுங்கள். போவதற்கு முன் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.